சுட்ட கையோடு கழுவு

தம்பி,

அப்பாவின் துப்பாக்கி உரிமம் உன் பேருக்கு மாறி வந்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். ஒற்றைக் குழல், வாய்வழியே மருந்து கெட்டிக்கிற பழைய ரகம். உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருப்பார்கள், ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்றால் போதும். ஒரகடத்தில் சி.என்.சி. மெஷினில் மைக்ரான் கணக்குப் பார்த்து இரும்பு சீவுகிற உனக்கு இது பொம்மை மாதிரிகூடத் தோன்றலாம். தோன்றினால் தப்பில்லை, ஆனால் அந்த எண்ணத்தோடு அதைத் தொடாதே.

சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடையின் பழுதுபார்க்கும் பட்டறையில்தான் உன் சின்னத் தாத்தாவின் வயது கழிந்தது. அங்கே வந்த துப்பாக்கிகளில் சுட்டுத் தேய்ந்தவை கொஞ்சம். சுட்டுவிட்டு அப்படியே மூலையில் சாத்தி வைத்ததால் கெட்டவை ஏராளம். அந்த அனுபவத்திலிருந்து சிலவற்றை எழுதுகிறேன். வரிசை முன்பின்னாக இருக்கும், பொறுத்துக்கொள்.

1. முதலில் மருந்தின் குணத்தைத் தெரிந்துகொள். வெடியுப்பு, கந்தகம், கரி, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கருமருந்து. சிவகாசிப் பட்டாசுக்குள் இருப்பதும் இந்தக் குடும்பம்தான். பல நூறு ஆண்டுகள் உலகத்துத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இதை நம்பியே இருந்தன. 1884-ல் பிரான்சில் பால் வியேய் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகுதான் இதன் ராஜ்யம் சரிந்தது. பின்னால் வந்த கார்டைட் என்ற புகையில்லா மருந்துக்கு நம் நீலகிரி அரவங்காட்டிலேயே வெள்ளைக்காரன் தொழிற்சாலை வைத்தான். புகையில்லா மருந்து எரிந்தால் பெரும்பாலும் வாயுவாகிப் போய்விடும். கருமருந்து அப்படியல்ல. எரிந்த பிறகும் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் சாம்பலாகவும் திடப்பொருளாகவே நிற்கும். குழலில் ஒட்டும் அந்தக் கரிக்குள் இருப்பது பொட்டாசிய உப்புகள். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். ஐப்பசி கார்த்திகையில் மணிமங்கலம் ஏரி நிரம்பி, சுவரெல்லாம் வியர்க்கிற நாட்களில் அது எத்தனை வேகமாகத் தின்னும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். நான் இனிச் சொல்லப்போகிற பாதி விஷயம் இந்த ஒரு குணத்திலிருந்து வருவதுதான்.

2. ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்றைப் போடாதே. கருமருந்துக்கென்று செய்த குழலில் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை விழுந்தாலும் கைக்கும் கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை. அதன் அழுத்தம் வேறு, எழும்பும் வேகம் வேறு. புதுத் தோட்டாவை உடைத்து அதிலிருந்த மருந்தைப் பழைய குழலில் கொட்டிச் சுட்டவர் ஒருவரின் துப்பாக்கி எங்கள் பட்டறை மேஜைக்கு வந்தது. குழல் உரித்த வாழைப்பழத் தோல்போல மூன்று கீற்றாக விரிந்து கிடந்தது. அவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. கருமருந்து வாங்கக் கடைக்குப் போய்வரும் பஸ் செலவை மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கிறார். அதைப் பழுதுபார்க்க முடியாது என்று சொல்லத்தான் என் முதலாளி அவரை வரச்சொன்னார். அந்த மனிதர் அதற்கும் கோபித்துக்கொண்டார்.

3. போன மாதம் நீ கைபேசியில் ஒரு படம் காட்டினாயே, அமெரிக்காவில் ஒருவன் பளபளவென்ற புது ரிவால்வரில் கருமருந்துத் தோட்டா போட்டுச் சுட, முன்னால் புகை மூட்டம் எழுந்ததே. ‘இதெல்லாம் சரிதானா, தாத்தா?’ என்று கேட்டாய். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கேள்வியில் அபத்தம் எதுவும் இல்லை. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை செய்கிற .32 ரிவால்வர் இருக்கிறதே, நம் ஊரில் உரிமக்காரர்கள் பலர் வைத்திருப்பது, அதன் தோட்டாவே 1896-ல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கருமருந்து நிரப்பி வெளியிட்டதுதான். 1873-ல் வந்த கோல்ட் ரிவால்வரும் கருமருந்துக் காலத்துப் பிள்ளை. அதன் நகல்களை இத்தாலியில் இன்றும் செய்கிறார்கள், அமெரிக்காவில் அதில் போட்டிகளும் நடக்கின்றன. நல்ல எஃகில் செய்த புது ரிவால்வர் கருமருந்தின் அழுத்தத்தைத் தாங்கும். அழுத்தத்தால் அதற்கு ஆபத்தில்லை. அதற்குத் தொல்லை கரியால்தான். தோட்டா இருக்கும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாள் கனம்தான் இடைவெளி. அதன் வழியே கரி பீறிட்டு வந்து சிலிண்டர் முகத்திலும், சிலிண்டர் சுற்றுகிற அச்சிலும் அப்பும். சில சுற்றுச் சுட்டதும் சிலிண்டர் முரண்டு பிடிக்கும், பிறகு நின்றேவிடும். ஈரத்துணியால் சிலிண்டர் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சுடுவார்கள். பக்கவாட்டில் திறக்கிற சிலிண்டரானால், காலித் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மணி ஒன்று சிக்கினாலே சிலிண்டர் மூடாது. சுட்ட பித்தளைக் கூடுகளையும் அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் போட்டாக வேண்டும். விட்டால் பச்சை பூத்துவிடும்.

இதெல்லாம் அவர்கள் ஊர்க் கதை. இங்கே கடையில் கிடைக்கும் .32 தோட்டா புகையில்லா மருந்துத் தோட்டா. நீயாக வீட்டில் உட்கார்ந்து தோட்டா நிரப்பினால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவுப்படி அது உரிமமில்லாத தயாரிப்பு. படம் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்.

தலைகீழான ஆபத்து ஒன்றும் உண்டு, அது நம் ஊரிலேயே நடக்கக்கூடியது. பழைய மிராசுதார் வீட்டுப் பரணில் தாத்தாவின் தாத்தா வாங்கிய துப்பாக்கி கிடக்கும். குழலில் அலை அலையாகக் கோலம் ஓடும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அது கருமருந்துக் காலத்துச் சரக்கு. அதில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டுவிடக் கூடாது. இங்கிலாந்துத் துப்பாக்கியானால் குழலின் அடிப்பக்கம் சோதனை முத்திரை பார். என்.பி. என்று கிரீடத்துக்குக் கீழே குத்தியிருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. அப்படி இல்லையென்றால், தெரிந்தவரிடம் காட்டும்வரை அதைச் சுடாதே. யாராவது உன்னிடம் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் ஆசைப்படாமல் இதைச் சொல்லி அனுப்பு.

4. கெட்டிக்கும்போது பேசாதே. மருந்தை அளவுக் குப்பியில் அளந்து, அதிலிருந்துதான் குழலில் கொட்ட வேண்டும். மொத்த மருந்து இருக்கும் டப்பாவைக் குழல் வாயில் சாய்க்காதே. முன் சுட்டதன் கங்கு உள்ளே ஒன்று மிஞ்சியிருந்தால் டப்பா முழுவதும் உன் கையில் வெடிக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் விடாதே. குழல் வாய்க்கு நேரே முகமோ உள்ளங்கையோ வரக்கூடாது. மருந்துக்குப் பொறி கொடுக்கிற கேப்பு வைப்பது கடைசி வேலை. துப்பாக்கி ஏற்கெனவே கெட்டித்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டு ஆழம் பார். இதற்காகவே வெறும் குழலின் ஆழத்தைக் கோலில் அடையாளம் வெட்டி வைத்திருப்பார்கள். உன் அப்பாவும் வெட்டியிருக்கிறான், பார்த்துக்கொள்.

5. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையானால் பொறுமையாக இரு. இது தனியாகச் சொல்லவேண்டிய பாடம். கேப்பு ‘டிக்’ என்றது, குழல் பேசவில்லை. உடனே துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். திருப்பாதே. உள்ளே மருந்து மெல்லப் புகைந்துகொண்டிருக்கலாம். முகப்பை அதே திசையில் நீட்டியபடி மனசுக்குள் நூறு எண்ணு, இன்னொரு நூறும் எண்ணினால் யாரும் கேலி செய்யப்போவதில்லை. அவசரக்காரனை இந்தத் துப்பாக்கி மன்னிப்பதில்லை. உன் அப்பாவிடம் எனக்குப் பிடித்தது இதுதான், தெரியுமா? பேச்சில் படபடப்பான ஆள். துப்பாக்கியைக் கையில் எடுத்தால் மட்டும் வேறு மனிதன்.

6. குண்டுக்குத் தடவுகிற கொழுப்பு எதற்கு என்று புரிந்துகொள். தினமும் ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரகடம் சாலையில் வரிசையாக ராயல் என்ஃபீல்டு வண்டிகள் போவதைப் பார்க்கிறாய். 2013-லிருந்து அவை இங்கேயே தயாராகின்றன. அந்தப் பெயரும் பெட்ரோல் டாங்கில் இருந்த பீரங்கிப் படமும் எங்கிருந்து வந்தன என்று யோசித்திருக்கிறாயா? இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர்க் கம்பெனி, என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்தது. அந்த உறவில் வந்த பெயர். துப்பாக்கிபோலச் செய்த வண்டி என்றே விளம்பரமும் செய்தார்கள்.

அதே என்ஃபீல்டில் பிறந்த துப்பாக்கிதான் 1857-ல் வங்காளச் சிப்பாய்களின் கையில் கொடுக்கப்பட்டது. பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். கொழுப்பை எதற்காகத் தடவினார்கள் என்று அந்தப் பாடத்தில் இருக்காது. காரணம் இந்தக் கரிதான். என்ஃபீல்டு குழலுக்குள் வரிவரியாய்ச் சுழல் பள்ளம் உண்டு. நாலு சுற்றுச் சுட்டால் பள்ளத்தில் கரி இறுகிப்போய் அடுத்த குண்டு உள்ளே இறங்காது. குண்டைச் சுற்றிய காகிதத்தில் மெழுகும் கொழுப்பும் தடவியிருந்தால் கரி இளகிக் கொடுக்கும். பட்டறை வேலையாகப் பார்த்தால் அது சரியான ஏற்பாடு. யார் பல்லால் கடித்துப் பிரிக்கப் போகிறார்கள் என்று மட்டும் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை. பிறகு அவரவர் விருப்பப்பட்டதைத் தடவிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார்கள். அதற்குள் நம்பிக்கை போயிருந்தது. வேலை தெரிந்தால் போதாது தம்பி, அந்த வேலை யார் கைக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். நீ நாளைக்கு சூப்பர்வைசர் ஆகும்போது இந்த வரி உதவும்.

உனக்குத் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் இளக்கிச் சேர்த்தது போதும். பெட்ரோலிய எண்ணெயை மட்டும் கரியோடு சேரவிடாதே. இரண்டும் கலந்தால் தார்மாதிரி ஆகி, சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்துபோகும்.

7. சுட்ட கையோடு கழுவு. சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் காபி கிடையாது, குளியல் கிடையாது, டிவி கிடையாது. முதல் வேலை வெந்நீர் வைப்பது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டறையில் சேர்ந்த புதிதில் செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரின் துப்பாக்கியைச் சரிசெய்து, சோதனைக்குச் சுட்டுப் பார்த்தோம். கழுவுகிற பொறுப்பு என்னுடையது. அன்று இரவு இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்கு நண்பர்கள் காத்திருந்தார்கள். எண்ணெய்த் துணியை ஒரு தரம் உள்ளே விட்டு இழுத்துவிட்டு ஓடிப்போனேன். மழைக்காலம். மறுநாள் ஞாயிறு, கடை இல்லை. திங்கட்கிழமை குழலுக்குள் பார்த்தால் செம்பொடி. எண்ணெய் தடவினோமே என்று எனக்கு ஆச்சரியம். முதலாளி திட்டவில்லை. ஒரு கிண்ணத்தில் கல்லுப்பைப் போட்டு அதன் மேல் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். ‘கரையுதா பார்’ என்றார். சாயங்காலம் வரை கலக்கினேன். பிறகு தண்ணீர் ஊற்றச் சொன்னார். அந்தக் குழலைத் தேய்த்து மீட்டுக் கொடுக்க ஆன கூலியை அவர் விவசாயியிடம் வாங்கவில்லை, என்னிடமும் பிடிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

எண்ணெயில் உப்பு கரையாது. தண்ணீரில்தான் கரையும். துப்பாக்கிக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். கருமருந்துத் துப்பாக்கிக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. பழைய ரகக் கேப்பாக இருந்தால் இன்னும் மோசம். அதிலிருக்கும் பொட்டாசியம் குளோரேட் எரிந்து, சமையல் உப்பின் பங்காளி ஒன்றைக் குழலில் விட்டுவிட்டுப் போகும்.

முறை இதுதான். கெட்டிப்பு எதுவும் இல்லை என்று இரண்டு தரம் பார். குழலை மரக்கட்டையிலிருந்து கழற்று. மரத்தில் தண்ணீர் படக்கூடாது. கேப்பு வைக்கும் முளையைத் திருகி எடுத்து வெந்நீரில் போடு. ஒரு பாத்திரத்தில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்த வெந்நீர். குழலின் அடியை அதில் நிறுத்தி, துணி சுற்றிய கோலை மேலிருந்து விட்டு இழுத்தால், பழைய கைப்பம்பு மாதிரி தண்ணீர் ஏறி இறங்கும். முதலில் மசியாக வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பயப்படாதே, கந்தகம் போகிறது. நாற்றம் வருகிறது என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தெளியும்வரை மாற்று. பிறகு சோப்பில்லாத வெந்நீர் ஒரு தரம். குழலே சூடாக இருப்பதால் ஈரம் தானாக ஆவியாகும். மிச்சத்தைப் பழைய பருத்தி வேட்டித் துணியால் துடை. புதுத் துணி வேண்டாம், அது உறிஞ்சாது. துணி வெள்ளையாக வெளியே வந்த பிறகுதான் எண்ணெய். முளையின் சிறு துளையை ஊசியால் குத்திப் பார். கேப்பை அடிக்கிற குதிரையின் முகத்தையும் அதன் கீழே கரி ஒளிந்துகொள்ளும் மூலையையும் விடாதே. யாரும் பார்க்காத அந்த மூலையைப் பார்த்துத்தான் பட்டறைக்காரன் உன் குணத்தை எடைபோடுவான்.

8. மறுநாள் காலையில் இன்னொரு தரம் பார். ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் விட்டு எடு. இளஞ்சிவப்பாக வந்தால் நேற்று ஏமாந்திருக்கிறாய், திரும்பக் கழுவு. இதில் மனம் சலிக்கும். சலித்தால் சுடுவதைக் குறைத்துக்கொள், கழுவுவதைக் குறைக்காதே. அடுத்த முறை சுடும் முன்பு உள்ளே இருக்கிற எண்ணெயைத் துடைத்துவிட்டு, மருந்து இல்லாமல் வெறும் கேப்பு ஒன்றை அடித்துப் பார்த்துக்கொள். துளையில் எண்ணெய் நின்றால் பொறி உள்ளே போகாது. ஐந்தாவதாகச் சொன்ன தலைவலி பாதிக்குப் பாதி இதனால்தான் வருகிறது.

9. யாரிடமிருந்தும் கற்றுக்கொள். துப்பாக்கி துடைப்பதை நான் சரியாகக் கற்றது முதலாளியிடம் இல்லை. பட்டறைக்கு வருகிற நரிக்குறவர் பெரியவர் ஒருவரிடம். அந்தச் சமூகத்தாருக்கு இந்த வாய்க்கெட்டித் துப்பாக்கிதான் தலைமுறை தலைமுறையாய்ச் சோறு போட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றது, அவர்கள் ஊசி பாசிக்கு மாறினார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க 2023 வரை ஆயிற்று. அந்தப் பெரியவரின் துப்பாக்கி எங்கள் கண்ணாடிப் பெட்டியிலிருந்த எதையும்விட வயதானது. உள்ளே பார்த்தால் நிலைக்கண்ணாடி. எப்படி என்று கேட்டேன். ‘துடைக்காம சோறு துண்ணமாட்டேன் சாமி’ என்றார். அவ்வளவுதான் ரகசியம். கடையில் அவரை நாற்காலியில் உட்காரச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

10. மருந்தைக் கொஞ்சமாக வாங்கு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், பூட்டி வை. உரிமத்தில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம். அடுப்படிக்கும் பூஜை விளக்குக்கும் இன்வெர்ட்டருக்கும் தூரமாக இருக்கட்டும். மருந்து வெடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துச் சண்டை ஒன்றே சாட்சி. நம் மணிமங்கலத்தில் நரசிம்மவர்மப் பல்லவன் புலிகேசியை முறியடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. அது வாளும் யானையும் போட்ட சண்டை. அதே புலிகேசி இன்னொரு பல்லவனோடு மோதிய புள்ளலூர், காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையைத் திப்புவும் ஹைதரும் வளைத்தார்கள். பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்தன. சுடுவதற்கு மருந்தில்லாத படை அதோடு முடிந்தது. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெடிப்பைப் படமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். போனால் பார். ஒரு படைக்கே அந்தக் கதி என்றால், கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிற நீ எம்மாத்திரம்? உன் அப்பா அப்படித்தான் வைத்திருந்தான். முதல் வேலையாக அதை மாற்று.

11. எதற்காகச் சுடுகிறாய் என்பதில் தெளிவாக இரு. அந்த உரிமம் பயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுத்தது. ஓசை எழுப்பி விரட்டலாம். மயிலையோ பன்றியையோ சுட்டு வீழ்த்த அது அனுமதி இல்லை. மயில் விஷயத்தில் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று வனத்துறையிடம் கேட்டுப் பார். மாமன் மகள் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வை என்று நண்பர்கள் ஏற்றிவிடுவார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். குடகு நாட்டில் பிறப்புக்கும் இறப்புக்கும் துப்பாக்கி வெடிக்கும் வழக்கம் இருக்கிறதே என்று நீ கேட்கலாம். அவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தனி விலக்கு உண்டு. கைல்போள்து பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குச் சூட்டுகிற பூ எது தெரியுமா? நம் அரசு மலரான செங்காந்தள்! பூவை வேண்டுமானால் நீயும் ஆயுத பூஜைக்குச் சூட்டிக்கொள். சட்டம் அதைத் தடுக்காது.

12. கோபத்திலும் குடியிலும் பூட்டைத் திறக்காதே. சாவியை உன் மனைவியிடம் கொடுத்து வை. உன்னிடம் இருக்கவேண்டிய பொருள்தானே என்று ரோஷப்படாதே. கேட்டு வாங்குகிற அந்த அரை நிமிஷம் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும். இதற்கு மேல் இதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

13. காகிதத்தையும் கழுவி வை. உரிமம் இப்போது ஐந்து ஆண்டுக்கு. முடியும் தேதியை உன் கைபேசியில் மட்டும் போடாதே, வீட்டுக் காலண்டரிலும் எழுது. தேர்தல் அறிவித்து, துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தால் முகம் சுளிக்காமல் கொண்டுபோய்க் கொடு, ரசீது வாங்கு. கொடுப்பதற்கு முன் நன்றாகக் கழுவி, எண்ணெய் போட்டு, துணி சுற்றிக் கொடு. அங்கே மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும். திரும்பி வந்த அன்றே பிரித்துப் பார்.

இந்தச் சனிக்கிழமை உனக்கு முதல் ஷிப்டுதானே? மூன்று மணிக்கு விட்டதும் வீட்டுக்குப் போய் அப்பாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வா. அவன் போன பிறகு யாரும் அதைத் திறந்திருக்க மாட்டார்கள். கடைசியாகச் சுட்டபோது உடம்பு முடியாமல் இருந்தான், கழுவினானோ என்னவோ. கெட்டித்திருக்கிறதா என்று கோலை விட்டுப் பார்த்துவிட்டு, முகப்பு தரையைப் பார்க்க, உறையில் போட்டுக் கொண்டு வா. வெந்நீர் நான் வைத்திருக்கிறேன். உரிமப் புத்தகத்தை மறக்காதே.